மைனஸ் பதினெட்டு டிகிரி

திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு என் ரிப்பேர் மேசைக்கு வந்த ஒரே கேம் கன்சோல் அதுதான்.

வெள்ளிக்கிழமை, கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அறுபதை நெருங்கிய ஒருவர், தடித்த கம்பளிக் கோட்டை ஒரு கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு கையில் துணிப்பையோடு உள்ளே வந்தார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. கல்லாவில் இருந்த என் மனைவி கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"நைட் ஷிப்ட் முடிஞ்சு நேரா வரேம்மா," என்றார் அவர், கேட்காமலே. மீன் கிடங்கு ஒன்றில் குளிரறைப் பொறுப்பாளராம். முப்பத்தோரு வருடமாக அதே அறைகள். "அங்க எல்லாரும் ஐஸ்னுதான் கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க தம்பி. சொந்தப் பேரைச் சொன்னா எனக்கே திரும்பிப் பாக்கத் தோணாது."

பைக்குள் இருந்த கன்சோலுக்கு வெளிர்நீலத் துணியில் உறை தைத்துப் போட்டிருந்தது. ஓரங்களில் பூ வேலை. உறையை உருவினால் ஆறு வருடப் பழைய கறுப்புப் பெட்டி.

"ஏழு நிமிஷம் ஓடுது. அப்புறம் உள்ள விசிறி கத்துது, அணைஞ்சுடுது. மறுபடி போட்டா ரெண்டே நிமிஷம்."

"சூடுதாண்ணே. கழட்டிச் சுத்தம் பண்ணி, சூட்டைக் கடத்துற பேஸ்ட் புதுசா வெச்சா சாயங்காலத்துக்குள்ள—"

"கழட்டக் கூடாது தம்பி."

பெட்டியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்து முதல் திருகின் மேல் கம்பெனி ஒட்டிய காகித முத்திரை கிழியாமல் இருந்தது. அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டி, அதில் ஒரு கையெழுத்தும் தேதியும். வக்கீலுடையது என்றார்.

நின்றுகொண்டே சொன்னார். அவருடைய மகனுக்கு இருபத்துநான்கு வயது. நான்கு மாதமாக ஜெயிலில் இருக்கிறான். ஒரு குடோனின் காவல்காரரை யாரோ இரும்புக் கம்பியால் அடித்ததில் அவர் இறந்துபோனார். இரவு பத்து இருபதுக்கு அவன் அங்கிருந்து ஓடியதைப் பார்த்தேன் என்று ஒருவர் சாட்சி சொல்கிறார். அந்த நேரத்தில் அவன் வீட்டில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். அப்பா வேலையில். வீட்டில் இருந்தது அம்மா மட்டும்.

"பெத்தவ பிள்ளைக்காகப் பேசாம வேற யாருக்குப் பேசுவான்னு கேக்குறாங்க. அவ சொல்லு எடுபடல."

ஆனால் கன்சோல் இருந்தது. பல மாதமாகத் தோற்றுக்கொண்டிருந்த ஒரு கட்டத்தை அன்றைக்கு ஜெயித்துவிடுவோம் என்று தோன்றி, அவன் பதிவு பொத்தானை அழுத்தியிருக்கிறான். பத்து பத்துக்குத் தொடங்கி இருபத்திரண்டு நிமிடப் பதிவு. அதில் அவன் குரல் இருக்கிறது. நடுவில் அம்மா வந்து, விளக்கை அணைத்துவிட்டுப் படு என்று திட்டுவதும், அவன் அஞ்சு நிமிஷம்மா என்று கெஞ்சுவதும் இருக்கிறது. கன்சோலின் கடிகாரத்தை யார் வேண்டுமானாலும் மாற்றலாம்தான். ஆனால் இந்த இயந்திரங்கள் தங்களுக்குள் ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கும். எப்போது உயிர் பெற்றது, எப்போது கடிகாரம் மாற்றப்பட்டது என்பதெல்லாம் அதில் பதிந்துவிடும். நீதிமன்றம் நியமித்த நிபுணர் ஒருவர் திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, தன் அலுவலகத்தில், இரண்டு தரப்பும் பார்க்க, அந்தக் குறிப்பைப் படித்து, பதிவை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பார்.

"இருபத்திரண்டு நிமிஷம் நிக்காம ஓடணும். இது ஏழுல படுத்துக்குது. வக்கீலம்மா யாரும் திறக்கக் கூடாதுன்னுட்டாங்க. திறந்தா, நீங்களே உள்ள எதையோ செஞ்சு வெச்சீங்கன்னு எதிர்ப்பக்கம் சொல்லுமாம். திறக்காம சூட்டைக் குறைக்க முடியுமா தம்பி?"

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அப்போது உற்சாகமாக இருந்தது. பதினாறு வருடமாக இதே வேலை. திருகைக் கழற்று, தூசி எடு, பேஸ்ட் தடவு, மூடு. திறக்காமல் செய் என்று யாரும் கேட்டதில்லை.

"முடியும்ணே. ஆனா சூடு எங்கிருந்து வருது, எப்படிப் போகுதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்."

"வாத்தியார் ஆரம்பிச்சாச்சு," என்றாள் என் மனைவி. "அண்ணே, உக்காந்துக்குங்க. இது சுருக்க முடியாது."

அவர் உட்கார்ந்தார். நான் ஒரு செத்த கன்சோலின் உட்பலகையை எடுத்து அவர் முன் வைத்தேன். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சில்லு, சிப் என்பார்களே அது. இரண்டு சீலிங் ஃபேன் தின்னும் மின்சாரத்தை இந்த நகம் ஒன்றே தின்னும். தின்றது எல்லாம் சூடாகத்தான் வெளியே வரும். சூடு அழியாது, இடம்தான் மாறும். சில்லிலிருந்து அதன் மேல் தடவிய பேஸ்டுக்கு, பேஸ்டிலிருந்து உலோகத் தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து விசிறி இழுத்துவரும் காற்றுக்கு, காற்றோடு பின்வாசல் வழியாக அறைக்கு. இந்த வழியில் எங்கே அடைத்தாலும் சில்லு வேகும். ஓர் எல்லையைத் தாண்டினால், அது செத்துப்போகும் முன் இயந்திரம் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அணைவது நோய் இல்லை. நோயிலிருந்து தப்பிக்க அது செய்யும் கடைசி வேலை.

"எங்க குளிரறையும் இதேதான்," என்றார். அவர் முகத்தில் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. "குளிரை நாங்க உண்டாக்குறோம்னு வெளியில நினைப்பாங்க. உள்ள இருக்குற சூட்டைத் தூக்கி வெளிய கொட்டுறதுதான் வேலை."

"அதேதாண்ணே."

இப்படி ஒரு மாணவர் கிடைத்தால் என் வாய் நிற்குமா.

முதலில் உள்ளபடியே ஓட்டினேன். என் தொலைக்காட்சியில் இணைத்து, வெப்பமானியைப் பின்வாசலில் பொருத்தினேன். நான்காவது நிமிடம் விசிறி கத்தத் தொடங்கியது. ஏழாவது நிமிடம் அணைந்தது. வாசலில் வர வேண்டிய சூடான காற்று மெதுவாக, மூச்சுத் திணறுபவர் விடுவதுபோல வந்தது. வழி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். துவாரங்களின் உள்ளே வெளிர்நீலப் பஞ்சு.

"இந்த உறை யாரு தெச்சது?"

"அவங்கம்மா. தூசி அடையாம இருக்கட்டும்னு."

உறையைப் போட்டபடியே அவன் விளையாடுவானாம், முன்பக்கம் மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு. தூசியைத் தடுக்க வந்த துணியே காற்றையும் தடுத்து, தன் நூலையும் உள்ளே அனுப்பியிருந்தது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. உறையை மடித்து ஓரமாக வைத்தேன்.

வெளியிலிருந்தே சுத்தம் செய்வதில் ஒரு நுட்பம் உண்டு. ஊதினால் தூசி இன்னும் உள்ளே போய்த் தகடுகளுக்கு நடுவில் அடைத்துக்கொள்ளும். உறிஞ்ச வேண்டும். உறிஞ்சும்போது உள்ளே விசிறி தாறுமாறாகச் சுற்றும். சுற்றினால் அதுவே மின்சாரம் உண்டாக்கிப் பலகைக்கு அனுப்பிவிடும். அதனால் துவாரம் வழியாக ஒரு மெல்லிய மரக்குச்சியை விட்டு, விசிறியைப் பிடித்துக்கொண்டு, குறைந்த வேகத்தில் உறிஞ்ச வேண்டும். அரை மணி நேரம் செய்தேன். தேங்காய் நார் மாதிரி ஒரு கைப்பிடி நீலம் வந்தது. அதன் பிறகு பெட்டியை நான்கு பாட்டில் மூடிகளின் மேல் தூக்கி வைத்தேன், அடிவயிற்றிலும் காற்று போகட்டும் என்று. ஆறவிட்டு மறுபடி ஓட்டினேன். பதினொரு நிமிடம் வந்தது.

அடுத்தது மேசை விசிறி. பெரும்பாலும் இங்கேதான் தப்புச் செய்வார்கள். பின்வாசலுக்கு எதிரே விசிறியை வைப்பார்கள். வெளியே வரும் சூட்டை அது உள்ளே தள்ளிவிடும். பக்கவாட்டில், காற்று எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையிலேயே வைக்க வேண்டும். வைத்தேன். பதினெட்டு நிமிடம்.

"ஏங்க," என்றாள் மனைவி கல்லாவிலிருந்து. "ஓடுற நேரத்துல அந்தப் பதிவை ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமே."

"வக்கீல் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அதோட சூட்டோட இருக்குற மெஷின்கிட்ட கூடுதல் வேலை வாங்கக் கூடாது. முதல்ல வைத்தியம்."

"சொன்னேன். அவ்வளவுதான்."

அவர் மணி பார்த்தார். "பதினெட்டு. இன்னும் நாலு நிமிஷம் வேணும். அந்தக் குறிப்பைப் படிக்க ஒரு பத்து நிமிஷம்."

"அந்த ஆபீஸ்ல ஏசி இருக்கும்ணே. இங்க முப்பத்தொண்ணு டிகிரி. அங்க இருபத்திரண்டு. அறை ஒரு டிகிரி குறைஞ்சா ஒரு நிமிஷம், ஒண்ணரை நிமிஷம் கூடுதலாக் கிடைக்கும். கணக்குப்படி முப்பது நிமிஷம் ஓடலாம்."

"ஓடலாம்," என்றார்.

"ஓடலாம். உறுதியா யாரும் சொல்ல முடியாது. உள்ள பேஸ்ட் காய்ஞ்சிருக்கு, அதைத் திறக்காம ஒண்ணும் செய்ய முடியாது. சுத்தி இருக்குறது எவ்வளவு குளிருதோ அவ்வளவு லாபம்."

"எவ்வளவு குளிரணும்? என்கிட்ட மைனஸ் பதினெட்டு இருக்கு."

மூவரும் சிரித்தோம். "அங்க வெச்சா நாள் முழுக்க ஓடும்ணே. தத்துவம் அதேதான்," என்றேன் நான்.

இந்த வாக்கியத்தை நான் சொன்ன தொனி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சரியான விடை சொன்ன மாணவரைத் தட்டிக்கொடுக்கும் தொனி. காலை முழுக்கச் சூட்டைப் பற்றிப் பேசியவன், தண்ணீரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

அவர் கன்சோலைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போனார். கண்ணை விட்டு விலகக் கூடாது என்பதும் வக்கீலின் உத்தரவு. திங்கட்கிழமை என்னையும் அங்கே வரச் சொன்னார். வெளியிலிருந்து என்னென்ன செய்தேன் என்று நிபுணர் கேட்டால் சொல்வதற்கு.

திங்கட்கிழமை பத்து ஐம்பதுக்கு அந்த அலுவலகத்தின் வாசலில் இருந்தேன். காவலாளி வருகைப் பதிவேட்டை நீட்டி, பெயர், வந்த நேரம், யாரைப் பார்க்க, எதற்கு என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்பச் சொன்னார். பேனா எழுதவில்லை. அவர் வேறு பேனா தேடினார். மூன்றாவது மாடியில் அறைக் கதவைத் தள்ளியபோது பதினொன்று ஆறு.

முதலில் கண்ணில் பட்டது மேசை மேலிருந்த துண்டு. ஈரமாக இருந்தது. பிழிந்தால் சொட்டும் ஈரம். பக்கத்தில் தெர்மாகோல் பெட்டி, மீன் அனுப்பும் பெட்டி, மூடி திறந்தபடி. பிரித்துப்போட்ட பாலித்தீன். கன்சோல் நான்கு பாட்டில் மூடிகளின் மேல் நேர்த்தியாக நின்றது, விளக்கு எரிந்தது. மேசை விசிறிகூட நான் காட்டிய கோணத்தில். திரையில் எழுத்துகள் வரத் தொடங்கியிருந்தன. குளிரறைக்காரர் என்னைப் பார்த்து, எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்பதுபோலத் தலையாட்டினார்.

"ப்ளக்கை எடுங்க. எடுங்க ஐயா, உடனே."

நிபுணர் நிமிர்ந்து, யார் இவன் என்று பார்த்தார். அந்தப் பார்வையின் நேரம்தான் மிச்சம் இருந்தது. உள்ளே தீக்குச்சி ஒடிந்ததுபோல ஒரு சத்தம். திரை கறுத்தது. சுட்ட பிளாஸ்டிக்கின் வாடை வந்தது, கொஞ்சம்தான்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஷிப்டில் கன்சோலை இரட்டைப் பாலித்தீனில் சுற்றி, மைனஸ் பதினெட்டு அறையில், மேல் அடுக்கில் வைத்திருக்கிறார். இரவு முழுக்க அங்கே இருந்திருக்கிறது. காலையில் தெர்மாகோல் பெட்டிக்குள் போட்டு, ஆட்டோ பிடித்து, மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஏசி அறையில் 'ஓடலாம்' என்று நான் சொன்ன முப்பது நிமிடத்தை அவரால் நம்பி இறங்க முடியவில்லை. உள்ளேயே குளிர் ஊறியிருந்தால் ஒரு மணி நேரம் நிச்சயம் என்று கணக்குப் போட்டார். பாலித்தீனைப் பிரித்ததும் பெட்டி வியர்த்தது. வியர்க்கும் என்று அவருக்குத் தெரியும். முப்பத்தோரு வருடமாக, குளிரறையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு மீன் பெட்டியும் வியர்த்திருக்கிறது. துடைத்துவிட்டு லாரியில் ஏற்றுவார்கள். இதையும் துடைத்தார், இரண்டு முறை. பிறகு சுவிட்சைப் போடச் சொன்னார்.

மீன் பெட்டியில் வெளிப்பக்கம் மட்டும்தான் நனையும். கன்சோலுக்கு உள்ளேயும் காற்று போகும், அதற்காகத்தானே துவாரங்கள். காற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். குளிர்ந்த எதையாவது தொட்டால் அதை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். குளிரறைக்குள் இருக்கும்வரை கன்சோல் காய்ந்தே இருந்தது. ஆபத்து தொடங்கியது மேசையில்தான். சுவிட்சைப் போட்டதும் உள் விசிறி அறைக் காற்றை இழுத்து, பனிபோல் கிடந்த பலகையின் மேல் வீசியது. நான் தூசி எடுத்து வழி விட்டிருந்ததால் நன்றாகவே வீசியது. பக்கத்தில் மேசை விசிறி வேறு.

இனி முத்திரையைக் காப்பாற்றுவதில் பயனில்லை என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு, கேமரா முன்னால் நிபுணர் திருகைக் கழற்றினார். பலகை முழுக்கப் பொடிப் பொடியாகத் தண்ணீர். நான் உறிஞ்சியும் போகாத நீலப் பஞ்சு அங்கங்கே சேறாக ஒட்டியிருந்தது. என்னையும் கை வைக்க அனுமதித்தார்கள். ஆல்கஹால் விட்டுக் கழுவினேன். வெதுவெதுப்பான காற்றில் இரண்டு மணி நேரம் உலர்த்தினேன். மல்டிமீட்டரின் இரு முனைகளைச் சில்லின் மின்வழியில் வைத்தேன். பீப் என்று நீளமாகக் கத்தியது. கத்தக் கூடாத இடம், சில்லு உள்ளேயே கருகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன்.

"நினைவகம் நல்லாத்தான் இருக்கும்," என்றார் நிபுணர் வக்கீலிடம். "ஆனா அதுல இருக்குறது எல்லாம் பூட்டிவெச்ச எழுத்து. சாவி இந்தச் சில்லுக்குள்ள இருந்துச்சு. ஒரு சில்லோட சாவி இன்னொண்ணுல இருக்காது."

குளிரறைக்காரர் அப்போது வெளியே நடைபாதையில் இருந்தார். துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

வக்கீலம்மா மெல்லிய குரலுடையவர். கோபப்பட்டாலும் குரல் ஏறவில்லை. என்னைச் சன்னல் பக்கம் அழைத்துப்போனார்.

"உங்க கடையில எத்தனை நிமிஷம் ஓடுச்சு?"

"ஏழு. பதினொண்ணு. பதினெட்டு."

"மொத்தம் முப்பத்தாறு. பதிவைக் காப்பி எடுக்க எவ்வளவு ஆகும்?"

"நாலு நிமிஷம். அஞ்சு."

"ஏன் எடுக்கல?"

"நீங்க தொடக் கூடாதுன்னு சொன்னதா..."

"திறக்கக் கூடாதுன்னு சொன்னேன். காப்பி எடுக்கக் கூடாதுன்னு எப்ப சொன்னேன்? காப்பி முழுச் சாட்சி ஆகாதுதான். ஆனா கையில ஒண்ணு இருந்திருக்கும். அவங்கம்மா குரல் இருந்திருக்கும்." சாலைப் பக்கம் திரும்பினார். "நீங்களாவது பாத்தீங்களா? திரையில அந்தப் பதிவு, தேதி, நேரம், எதையாவது?"

மூன்று முறை ஓட்டினேன். தொலைக்காட்சி என் எதிரிலேயே இருந்தது. முப்பத்தாறு நிமிடமும் நான் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இல்லம்மா."

"அப்ப உங்களைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. எழுதியும் எதுவும் குடுக்காதீங்க. அப்பாவே சாட்சியத்தை நனைச்சு அழிச்சார்னு எதிர்ப்பக்கம் ஏற்கெனவே சொல்ல ஆரம்பிச்சிருக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். 'நான் சொன்னேனே' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு வந்து, "அவருக்குத் தெரியுமா? காப்பி எடுத்திருக்கலாம்னு?" என்று மட்டும் கேட்டாள்.

"தெரியாது."

"சொல்லப் போறீங்களா?"

நான் எழுந்து வாசல் விளக்கை அணைக்கப் போனேன். ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவன்.

புதன்கிழமை அவரே கடைக்கு வந்தார். அன்றைக்குக் கோட்டு இல்லை. இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை என்றார். அவர் மனைவி படுத்த படுக்கையாக இருக்கிறாராம். யார் முகத்தையும் பார்ப்பதில்லையாம்.

"ஒரு உதவி தம்பி. நாளைக்குப் பையனைப் பாக்குற நாள். அவனுக்கு விஷயம் போயிடுச்சு, முழுசாத் தெரியாது. என்னன்னு கேப்பான். எனக்கு விளக்கிச் சொல்ல வராது. தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னே எனக்கு இன்னும் பிடிபடல. துடைச்சேனே. நீங்க பக்குவமா சொல்லுவீங்க. கூட வரீங்களா?"

"வரேண்ணே."

"நீங்க மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் ஆர்வக்கோளாறுல அதிகமாப் பண்ணிட்டேன்."

மனைவி கல்லாவை விட்டு எழுந்து உள்ளே போனாள்.

ஜெயிலுக்கு ஒரே பஸ்தான், ஊரின் அந்தக் கோடிவரை போகும். வழி முழுக்க அவர் என்னிடம் குளிரறைகளைப் பற்றிப் பேசினார், எதையாவது பேச வேண்டும் என்பதற்காக. கதவு ரப்பர் பிய்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, இறால் எந்தக் குளிரில் கறுக்கும். நான் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பார்வையாளர் அறையில் இரண்டு வரிசைக் கம்பி வலை, நடுவில் ஒரு முழம் இடைவெளி. எங்கள் இருபுறமும் ஆட்கள் கத்திப் பேசினார்கள். பத்து நிமிடம். பையன் ஒல்லியாக இருந்தான், அப்பாவின் நெற்றி. முதலில் அம்மாவைப் பற்றிக் கேட்டான். தேறி வருகிறாள் என்று இவர் பொய் சொன்னார். பிறகு அவன் என்னைப் பார்த்தான்.

"அண்ணாதான் ரிப்பேர் கடையா?"

"ஆமா தம்பி."

"அப்பா என்னமோ ஐஸ்ல வெச்சாருன்னு வக்கீலம்மா சொன்னாங்க."

அந்தக் குரலில் இருந்த கசப்பை நான் கேட்டேன். அப்பாவும் கேட்டிருப்பார். வலையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் நகர்ந்தன.

விளக்கினேன். பக்குவமாகத்தான். காற்று, அதில் இருக்கும் தண்ணீர், குளிர்ந்த பலகை, அதன் மேல் வீசிய விசிறி. நூல் பிடித்ததுபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். பையன் புத்திசாலி, பாதியிலேயே பிடித்துக்கொண்டான். தலையைக் குனிந்தபடி கேட்டான். சொல்லி முடித்தபோது அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காகவே சுவரைப் பார்த்தான்.

"ஏம்பா," என்றான் சுவரிடம். "வாழ்க்கை முழுக்க அந்த அறையிலதானே இருந்தீங்க."



அங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆறு நிமிடம் போயிருந்தது, இன்னும் நான்கை எப்படியாவது ஓட்டியிருக்கலாம். அப்புறம் அந்தப் பழி வீடு வரைக்கும், அந்த அம்மாவின் கட்டில் வரைக்கும், எத்தனை வருடம் ஆனாலும் ஒரே ஆளின் தலையில் இருந்திருக்கும்.

"தம்பி, இங்க பாருங்க. உங்கப்பா தண்ணியை மறந்தார். நான் அவருக்கு அதைச் சொல்லவே இல்ல. அங்க வெச்சா நாள் முழுக்க ஓடும்னு சொன்னதும் நான்தான். அதுக்கும் முன்னாடி ஒண்ணு இருக்கு. என் கடையில அது மூணு தடவை ஓடுச்சு. ஏழு நிமிஷம், பதினொரு நிமிஷம், பதினெட்டு நிமிஷம்."

அவன் திரும்பினான். அந்த இயந்திரத்தை ஆறு வருடம் கையில் வைத்திருந்தவன். கணக்குப் போட ஒரு நொடி ஆனது.

"காப்பி எடுக்க நாலு நிமிஷம்தான் ஆகும்," என்றான்.

"ஆமா."

"எடுத்தீங்களா?"

"இல்ல. எடுக்கலாம்னு என் மனைவி சொன்னா. நான் கேக்கல. சூட்டை அளந்துட்டு இருந்தேன்."

பக்கத்து வலையில் ஒரு பெண் யாருக்கோ ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு என்று கத்திக்கொண்டிருந்தாள். அவன் வலையிலிருந்து கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு அப்பாவை, அன்றைக்கு முதல்முறையாக, நேராகப் பார்த்தான்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ம்."

"அம்மாவையும் சாப்பிடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்பா."

மணி அடித்தது. அவனைப் பின்னாலிருந்து ஒருவர் தோளைத் தொட்டுத் திருப்பினார். போகும்போது அவன் என் பக்கம் பார்க்கவில்லை.

வெளியே கைபேசிகளைத் திருப்பித் தரும் சன்னலில் குளிரறைக்காரர் எனக்கு முன்னால் நின்றார். கையெழுத்துப் போட்டார், தன்னுடையதை வாங்கிக்கொண்டார், எனக்காகக் காத்திருக்கவில்லை. நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"நாலு நிமிஷம்தானா?"

"ஆமாண்ணே."

"நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்."

"ஆமா."

பஸ் வந்து நின்றது. காலியாக இருந்தது. நான் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் அசையவில்லை.

"நீங்க போங்க தம்பி. நான் அடுத்ததுல வரேன்."

அந்த வழியில் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். அது அவருக்கும் தெரியும். நடத்துநர் விசில் ஊதினார்.